நேற்றைக்கு என்ன சொல்வீர்கள்?

ஸ்வின்னர்டேல் பள்ளத்தாக்கில் நவம்பர் பிறந்துவிட்டால் மாடுகளைத் தொழுவத்தில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வசந்தம் வந்து புல் தலைகாட்டும்வரை வீட்டுக்காரர்களுக்கும் மாடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கல்சுவர்தான். அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கம் எது எழுந்தது, எது படுத்தது, எது சங்கிலியை இழுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கிறது என்பதெல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். டைனா ஐவ்சனுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அவள் காதை வைத்துப் புருஷன் சைமன் கேலி பேசாத நாள் கிடையாது. பக்கத்துப் பண்ணையில் கோழி முட்டையிட்டால் இவள் இங்கே கூடையை எடுப்பாள் என்பான்.

அந்த வருஷம் மாடுகளைக் கட்டிய முதல் வாரத்திலேயே செர்ரி என்ற சிவப்புப் பசு தீனியைக் குறைத்துக்கொண்டது. கன்று போட்ட அசதி, குளிர் வேறு. இஞ்சியைத் தட்டிப் போட்டு, கருப்புப் பாகும் சூடான பீரும் கலந்து தொண்டையில் இறக்கினால் எழுந்துவிடும். ஆனால் இறக்குவதற்கு மருந்துக் கொம்பு வேண்டும். அது மலைக்கு அந்தப் பக்கம் ஹெல்பெக்கில், டைனாவின் அண்ணன் ஆமோஸ் வீட்டில் இருந்தது. கண்ணாடிப் புட்டியை மாடு கடித்து நொறுக்கிவிடும், தகரக் குவளை வாயைக் கிழித்துவிடும். வழுவழுவென்று தேய்ந்த பழைய காளைக் கொம்புக்கு ஈடாக எதுவும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டைனாவின் அப்பா விட்டுப்போன அந்த ஒரு கொம்புதான் இரண்டு வீட்டுக்கும். யார் மலை தாண்டினாலும் அவர் கையோடு அது போகும், வரும்.

இந்தத் தடவை அதைக் கொண்டுவந்தவர் மிஸ்டர் லெஸ்லி மார்ல்.

மெலிந்த மனிதர். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர். முதுகில் தோல்வார் போட்ட கனமான பெட்டி, கையில் சாக்கில் சுற்றிய கொம்பு, முழங்கால்வரை சேறு. மூக்குக்கண்ணாடியில் தூறல் வழிய, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் கதவு நிலைக்கு வணக்கம் சொன்னார்.

“வாங்க வாத்தியாரே, நிலைக்கதவு நல்லாத்தான் இருக்கு,” என்றான் சைமன். “பேச்சுப் பிடிக்கிற ஆள் ஒருத்தர் வர்றார்னு ஆமோஸ் சொல்லி அனுப்பியிருந்தான்.”

“வாத்தியார் இல்லீங்க. நான் வார்த்தை சேகரிக்கிறவன். பழைய ஆளுங்க எப்படிப் பேசுறாங்கன்னு ஊர் ஊரா எழுதிக்கிட்டு வர்றேன்.”

“வார்த்தைக்கும் பஞ்சம் வந்துருச்சா? சர்க்கரை மாதிரி அதையும் ரேஷன்ல சேத்துட்டானுங்களா?”

மார்ல் சிரித்துக்கொண்டே குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கப் போனார். சைமன் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். முதலில் மாடு, பிறகுதான் அடுப்படி. இந்த வீட்டு ரொட்டியைத் தின்னப் போகிறவர் இந்த வீட்டு மாட்டைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். சைமனின் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். மாட்டைப் பார்க்காமல் மேசைக்கு வருகிறவனை அங்கே கடன்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

மார்லுக்கும் மலையோரம் இருந்து பழகியிருந்தது. ஒவ்வொரு கட்டுத்தறியாக நின்று, நெற்றியைத் தடவி, “நல்லா இருக்கா, லட்சணமா இருக்கா” என்று சொல்லிக்கொண்டே போனார். சினைக்கிடாரிகள் இரண்டும் அவர் கையை நக்கின. வியாழக்கிழமைச் சந்தைக்குப் போகவிருக்கிறவை அவை. அடுத்த நாள்தான் வியாழன். செர்ரியின் தலையைச் சைமன் தூக்கிப் பிடிக்க, கொண்டுவந்த சாக்கைப் பிரித்துக் கொம்பை மார்லே நீட்டினார். டைனா பாகைக் கலந்து ஊற்றினாள். பசு ஒரு மடக்குத் துப்பி, மீதியை விழுங்கியது.

“உங்க அண்ணன் அவசரமா அனுப்பினாருங்க,” என்றார் மார்ல். “தன் வேலை முடிஞ்சதும் கையோட எடுத்துட்டுப் போகச் சொன்னார்.”

டைனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமோஸ் எதையும் நேரத்துக்குத் திருப்பித் தருகிற ஆள் இல்லை.

அடுப்பின் மேல் கொடியில் ஓட்ஸ் ரொட்டி காய்ந்துகொண்டிருந்தது. பன்றிக்கறி வறுத்து, பாலாடைக்கட்டியும் இஞ்சிக் கேக்கும் வைத்தாள். மார்லின் காலணிகள் அடுப்போரம் ஆவிவிட்டுக்கொண்டிருந்தன. சாப்பாடு முடிந்ததும் அவர் கேள்விப் புத்தகத்தை எடுத்தார். கேள்விகள் எல்லாம் ஒரே வார்ப்பு. ‘இன்றைக்கு நான் கிண்ணத்தை பிரேக் செய்கிறேன், அதாவது உடைக்கிறேன். நேற்றைக்கு என்ன சொல்வீர்கள்?’

“பிராக்,” என்றான் சைமன். “நேத்து பிராக் பண்ணேன். அதுல என்ன கேள்வி இருக்கு?”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த டைனா முதுகைத் திருப்பாமலேயே சிரித்தாள். “புரோக்.”

“கேட்டீங்களா வாத்தியாரே? முப்பது வருஷமா என் சோத்தத் திங்கிறா. ஆனா இவ நேத்து இன்னும் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கு.”

“உன் சோறா? ரொட்டியச் சுடுறது யாரு?”

“ஸ்பீக்?” என்றார் மார்ல், பென்சிலைத் தீட்டியபடி. “இன்னைக்குப் பேசுறீங்க. நேத்து?”

“ஸ்பாக்.”

“ஸ்போக்,” என்றாள் டைனா.

மார்லின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கன்றுக்குட்டி காம்பைக் கண்டதுபோல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மலையின் எந்த இடத்தில் ஒரு ஓசை முடிந்து இன்னொரு ஓசை தொடங்குகிறது என்பதைத் தேடித்தான் அவர் பண்ணை பண்ணையாக நடந்துகொண்டிருந்தார். அந்தக் கோடு இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள கிரேஹோ முகட்டில் ஓடும் என்று நினைத்திருந்தார். பார்த்தால் அது இந்தச் சாப்பாட்டு மேசையின் நடுவில் ஓடுகிறது.

“அப்படி இதுல என்ன இருக்கு?” என்று டைனா கேட்டாள். ஈரக்கையைத் துடைத்தபடி அவளும் வந்து உட்கார்ந்தாள்.

“இருக்குங்க, மிஸஸ் ஐவ்சன். டிரிங்க், டிராங்க், டிரங்க். ஸிங்க், ஸாங்க், ஸங்க். குடிக்கிறது, குடிச்சது, குடிச்சு முடிச்சது. முங்குறது, முங்கினது, முங்கியே போனது. வார்த்தைக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் மாறல பாருங்க. நடுவுல இருக்கிற உயிரெழுத்து மட்டுந்தான் மாறுது. இன்னைக்கு நடக்கிறது பல்லுகிட்ட நிக்குது. நேத்து நடந்ததுக்கு வாயத் தொறக்கணும். முடிஞ்சு போனது தொண்டைக்குள்ள எறங்கிடுது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இருந்தே இப்படித்தான்.”

டைனா உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். ஸிங்க், ஸாங்க், ஸங்க். ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கீழே போயிற்று. அவளுக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

“முழுங்குற மாதிரி இருக்கு,” என்றாள். “போனது திரும்பி வராதா?”

“எதிர்ப்பக்கமா வந்து நான் கேட்டதில்லீங்க,” என்றார் மார்ல், விளையாட்டாகத்தான். பிறகு ஒலிப்பதிவுப் பெட்டியின் மூடியைத் திறந்தார். “உங்க அண்ணனும் நீங்களும் ஒரே மாதிரி சொல்றீங்களான்னு பாக்கணும். அவர் குரல் இதுல இருக்கு. வேலைய விட்டுட்டு உக்கார மாட்டேன்னுட்டார். தொழுவத்து வாசல்ல வச்சுப் பால் கறக்கக் கறக்கப் பிடிச்சேன்.”

நாடா சுழன்றது. முதலில் இரைச்சல், வாளியில் பால் விழுகிற சத்தம், பிறகு ஆமோஸ். பெட்டிக்குள் அவன் குரல் சின்னதாகி, சுத்தமாகி, ஏதோ சர்ச்சில் பேசுகிறவன்போல இருந்தது. சைமன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

“…அந்த வருஷம் பனி கொட்டுச்சு பாரு, எங்கப்பன் ஸ்னூன்னு சொல்வாரு, ஸ்னூ, ஸ்னூ, சுவரெல்லாம் மூடிப் போச்சு. ஆட்டுக்குட்டிய ஒரு கம்பால குத்திக் குத்தித்தான் தேடினோம்… ஏ கிழவி, நில்லுடி… இவளுக்குத்தான் என்னமோ, முந்தாநாள்லேர்ந்து வைக்கோலத் தொடல. வாயில நூலா ஒழுகுது. பல்லு ஆடுதோ என்னமோ. அப்பாவோட கொம்புல ரெண்டு வேளை ஊத்திட்டேன்…”

“புரோக்னு சொல்ற எடம் இனிமேதான் வரும்,” என்று மார்ல் கிசுகிசுத்தார்.

டைனா அந்த வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. ஆமோஸின் குரலுக்குப் பின்னால், வாளிச் சத்தத்துக்கும் பின்னால், இன்னொரு சத்தம் இருந்தது. சப். சற்று விட்டு மறுபடியும், சப். ஈரத் துணியைக் கல்லிலிருந்து உரிப்பதுபோல.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.

“அண்ணன் குரலக் கேக்க அவ்வளவு ஆசையா?” என்றான் சைமன்.

மார்ல் சந்தோஷமாகச் சுற்றிவிட்டார். அவருக்குக் கேட்டதெல்லாம் ஆமோஸின் வாயிலிருந்து வந்த உயிர்கள். சைமனுக்குக் கேட்டது மச்சான். டைனா கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறையும் போடச் சொன்னாள். அது முடிவதற்குள் அவள் முகம் மாவைப் பூசியதுபோல ஆகிவிட்டது. எழுந்து தொழுவத்துக்குப் போனாள். ஆணியில் அப்பாவின் கொம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் செர்ரியின் எச்சில் இன்னும் காயவில்லை.

அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஆமோஸ் மாட்டுக்குக் கோமாரி,” என்றாள்.

“என்ன புள்ள உளறுற?”

“அந்தச் சத்தம் சைமன். உதட்டப் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுற சத்தம். வாயெல்லாம் கொப்புளம் வந்தா அப்படித்தான் சப்புக்கொட்டும். எங்கப்பா தொழுவத்துல கேட்டிருக்கேன்.”

“ஆமோஸும் அதே வீட்டுலதான பொறந்தான்? அவனுக்குத் தெரியாதா?”

“அவன் அப்போ வேலைக்குன்னு தெக்கே இருந்தான். திரும்பி வரும்போது சாம்பல்தான் இருந்துச்சு. கேட்டது நான். எனக்குப் பதினாலு வயசு. அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் ராவும் பகலும் கேட்டேன். மொத நாள் ஒண்ணு. அப்புறம் எல்லாம். அப்புறம் நோய் பரவக் கூடாதுன்னு சர்க்கார் ஆளுங்க துப்பாக்கியோட வந்தாங்க, எல்லா மாட்டையும் சுட்டாங்க. தொழுவத்துல இருந்த கயிறு, வாளி, முக்காலி அத்தனையையும் கொளுத்தினாங்க. அந்தக் கொம்பு மட்டும் அடுப்படியில தொங்கினதால தப்பிச்சுது.”

யாரும் அதற்கு மேல் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கொம்பு எங்கிருந்து வந்தது, யார் வாயில் இருந்தது, யார் வாய்க்குள் போனது என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மார்ல் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கிடாரிகள் நக்கிய கை.

சைமன் எழுந்து அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தான். கெட்டவன் இல்லை. பயம் வந்தால் குரலை உயர்த்துகிற ரகம்.

“ஒரு பெட்டிக்குள்ளேர்ந்து வர்ற சத்தத்தக் கேட்டுட்டு உங்கண்ணன் மாட்டச் சுட வைக்கப் போறியா? பல்லு ஆடினாலும் ஒழுகும். முள்ளு குத்தினாலும் ஒழுகும். போலீஸ்ல சொன்னா அவன் தொழுவம் மட்டுமா? நம்ம கதவுலயும் நோட்டீஸ் ஒட்டிருவான். நாளைக்குச் சந்தை. வருஷம் பூரா வளத்த கிடாரி ரெண்டும் போகணும்.”

“போகக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்.”

“போகும்.”

“சந்தையில எத்தன பண்ணை மாடு ஒண்ணா நிக்கும்? தொட்டியில ஒண்ணா தண்ணி குடிக்கும்? ஸ்வின்னர்டேல் பூராவும் எரியணுமா?”

மார்ல் தொண்டையைச் செருமினார். “மிஸஸ் ஐவ்சன், ஒருவேளை நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். நான் நாளைக்குக் காலையில மேல் பண்ணைக்குப் போகணும். அங்க ஒரு பெரியவர். ‘ஸ்னோ’வோட நேத்த ஸ்னூன்னு இன்னும் தானா சொல்ற கடைசி ஆளு அவர்தான். படுத்த படுக்கையா இருக்கார், இந்தக் குளிரத் தாண்ட மாட்டார்ங்கிறாங்க. காலணிய நல்லா கழுவிட்டுப் போயிடறேன். தொழுவத்துப் பக்கமே போக மாட்டேன்.”

“அவங்க உங்கள விட்டுருவாங்களா? மாட்டப் பாக்காம மேசையில உக்கார விடுவாங்களா?”

அந்த வழக்கத்தை மார்ல் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்.

டைனா அதற்கு மேல் வாதாடவில்லை. அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தாள். ஓரத்தில் ஆவிவிட்டுக்கொண்டிருந்த காலணிகளை, ஒன்றன்பின் ஒன்றாக, கரி வாரிப் போடுவதுபோல உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். மார்ல் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். ரப்பரும் தோலும் பொசுங்குகிற நாற்றம் வீட்டை நிறைத்தது. அடுத்து ஆணியிலிருந்து கொம்பை எடுத்துவந்தாள். அதை உடனே போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அதில் இருந்தது. தன் கட்டைவிரலை ஒருமுறை அங்கே வைத்துப் பார்த்தாள். பிறகு அதையும் போட்டாள்.

“பைத்தியம் பிடிச்சிருச்சு உனக்கு,” என்றான் சைமன். ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் டெலிபோன் இருந்தது கீழே கான்ஸ்டபிள் வீட்டில் மட்டுந்தான். மேட்டுச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கினால் அந்த வீட்டில் ஆபத்து என்று அர்த்தம். பிரசவமோ, சாவோ, கிணற்றில் விழுந்ததோ, கீழேயிருந்து பார்த்துவிட்டு ஆள் வரும். டைனா தன் கல்யாணச் சீர் விரிப்பை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தாள். சைமன் வாசலில் நின்று பார்த்தான், தடுக்கவில்லை. அவள் ஒரு முனையில் கல்லை வைத்துவிட்டு மறு முனைக்குத் தடுமாறியபோது, அவன் வந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று அவள் அப்போதுதான் அழுதாள்.

கான்ஸ்டபிள் ட்வீடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவரை அவள் கேட்டைத் தாண்ட விடவில்லை. தொண்டை கிழியக் கத்தித்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“நிச்சயமாத்தான் சொல்றீங்களா, மிஸஸ் ஐவ்சன்? தப்பாப் போச்சுன்னா ஆமோஸ் மொகத்துல முழிக்க முடியாது.”

“தப்பாப் போகட்டும். அவன் என் மொகத்துல காறித் துப்பட்டும். போய்ச் சொல்லுங்க.”

தப்பாகப் போகவில்லை. அடுத்த நாள், சந்தை கூடுகிற நேரத்துக்கு, கிரேஹோ முகட்டுக்குப் பின்னால் வெடிச்சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. காற்று இவர்கள் பக்கம் வீசியது. சைமன் தொழுவத்துக்குள் போய்ச் சாணி அள்ள ஆரம்பித்தான், அள்ளியதையே மறுபடியும் அள்ளினான். சாயங்காலம் முகட்டின் மேல் புகை எழுந்து, மேகத்தோடு கலந்து, பள்ளத்தாக்குக்குள் வழிந்து இறங்கியது. கொடியில் கிடந்த ஓட்ஸ் ரொட்டியில்கூட அந்த வாடை ஏறியது. டைனா அத்தனையையும் எடுத்துக் கோழிக்குப் போட்டாள்.

ட்வீடி மருந்து நனைத்த வைக்கோலைக் கேட்டின் குறுக்கே பரப்பிவிட்டு அந்தப் பக்கமே நின்றார்.

“ஆமோஸ் ஏதாச்சும் சொன்னானா?” என்று டைனா கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல. யார் சொன்னதுன்னு மட்டும் கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“அவர் குரலப் பிடிச்ச பெட்டியில கேட்டுதுன்னேன். அதுக்கு அவர், ‘டைனா நல்ல காதுக்காரி’ன்னார்.”

அது வசவா வாழ்த்தா என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்றுவரை விளங்கியிருக்காது.

அரசாங்க மாட்டு வைத்தியர் வந்தார். ஒவ்வொரு மாட்டின் நாக்கையும் இழுத்துப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இனி தினமும் வருவேன் என்றார். பால் வெளியே போகக் கூடாது. நாயைக் கட்ட வேண்டும். மார்ல் மட்டும் மருந்துத் தண்ணீரில் குளித்துவிட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டு போகலாம் என்றார்.

“நான் இருக்கேன்,” என்றார் மார்ல்.

“பூட்ஸ் இல்லாததாலயா?” என்றான் சைமன்.

“இல்லீங்க.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான்தான கொண்டாந்தேன்.”

சைமன் தன் பழைய மரக்காலணி ஜோடி ஒன்றை அவர் முன்னால் தள்ளினான். அதைப் போட்டுக்கொண்டு அவர் முற்றத்தில் டக் டக்கென்று நடந்தார், டர்னிப் நறுக்கினார், கறந்த பாலைச் சாணிக் குழியில் ஊற்றக் கூட வந்தார். நுரையோடு பால் குழிக்குள் போவதைப் பார்க்க மூன்று பேருக்கும் பொறுக்கவில்லை. ஆனாலும் வேளைக்குக் கறந்தார்கள், வேளைக்கு ஊற்றினார்கள்.

மற்ற நேரங்களில் மார்ல் தன் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஆமோஸின் நாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதுவார். டைனாவுக்காகச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பார். ஆனால் அவளிடம் எதைக் குறைத்து என்ன? சுவருக்கு இந்தப் பக்கம் செத்துப்போன மாடு சப்புக்கொட்டும், அந்தப் பக்கம் உயிரோடிருக்கிற மாடுகள் அசைபோடும். அவள் ரொட்டி தட்டுகிற கையை நிறுத்தி நிறுத்தி எது எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். வெறும் அசைபோடுகிற சத்தம்தான் என்று தெரிந்ததும் மறுபடி தட்டுவாள்.

ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை. சைமன் தாங்கமாட்டாமல் தானாகவே வந்து மார்லுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“கேளுங்க வாத்தியாரே. மிச்சம் இருக்கிறதக் கேட்டு முடிங்க. சும்மா இருந்தா மண்ட வெடிச்சுரும்.”

மார்ல் கேட்டார். மரம் ஏறுவது, கயிறு கட்டுவது, வண்டி ஓட்டுவது. சைமன் ஒவ்வொன்றுக்கும் நேற்றைச் சொன்னான். டைனா அடுப்படியிலிருந்து தன் நேற்றைச் சொன்னாள். கிளாம், கிளோம். டிரேவ், டுரோவ். இரண்டு பேரும் சண்டைகூடப் போட்டார்கள். கொஞ்ச நேரம் வீடு பழைய வீடாக இருந்தது. பிறகு மார்ல் ஒரு பக்கத்தைப் புரட்டி, வாய்திறந்து, மூடிக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.

“எதையோ தாண்டுறீங்க,” என்றாள் டைனா.

“அது அவ்வளவு முக்கியமில்லீங்க.”

சைமன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு அச்செழுத்து வாசிக்க வரும். “ஷூட்,” என்றான். “இன்னைக்கு அவங்க சுடுறாங்க. நேத்து, ஷாட்.” மனைவியைப் பார்த்தான். “உங்க பக்கம் எப்படி புள்ள?”

“ஷாட்தான்.”

“அதுக்கு மட்டும் மலைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா?”

“எல்லாப் பக்கமும் ஒண்ணுதாங்க,” என்றார் மார்ல். “நான் போன ஊர்ல எல்லாம்.”

மார்ல் கேள்விப் புத்தகத்தை மூடி வைத்தார்.

சில நாள் போயிற்று, செர்ரி தீனி எடுக்க ஆரம்பித்திருந்தது. முந்தின நாள் வந்த வைத்தியர்கூட அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, இன்னும் சில நாள் இப்படியே போனால் தப்பித்தீர்கள் என்று சொல்லிப்போனார். சைமன் அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டான். கிடாரிகளை அடுத்த மாதச் சந்தைக்கு அனுப்பலாமா என்று பேச்சை எடுத்தான். டைனா இத்தனை நாள் தொடாத ஜாம் ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். வெளியே தூறல் நின்று, முகட்டின் மேல் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சைமன் கத்தியால் ஜாமை அள்ளி ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தான். மார்ல் ஜன்னலோரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

டைனா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதிக் கோப்பையில் கையை நிறுத்தினாள்.

“சாப்பிடுற நேரத்துல வேண்டாமே, மிஸ்டர் மார்ல்,” என்றாள். “அந்த நாடாவ நிறுத்துங்க.”

மார்ல் தலையைத் தூக்கினார். அவர் கையில் பென்சில் மட்டும் இருந்தது. பெட்டி மூடியிருந்தது.

“நான் போடவே இல்லீங்களே,” என்றார். “நேத்தே பேட்டரி தீந்துருச்சு.”

சைமன் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை, மார்லுக்கும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் காதை யாரும் கேலி செய்யவில்லை. டைனா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பை எடுத்தாள்.

“ஒரு முனையப் பிடிச்சுக்க வா, சைமன்,” என்றாள்.